வடசுவரின் முட்டு

இக்காலத்து மாந்தருக்கு எதையும் உரித்துப் பார்த்தால்தான் நிறைவு. மரம் நின்றால் மலை மறைகிறது என்பார்கள். கொட்டில் நின்றால் கோயில் மறைகிறது என்பார்கள். மறைத்து நின்ற பொருள் எதையேனும் தாங்கியும் நின்றதோ என்று கேட்க ஒருவருக்கும் வாய் வருவதில்லை. படிப்பவர் பொறுத்தருள்க. நான் படித்தவன் அல்லன். எழுபத்தொன்பது ஆண்டுகளாக ஒரே சுவரைப் பார்த்திருப்பவன்.

மொந்திலாக் என்னும் எங்கள் சிற்றூரில் இளவேனில் விடியும்போது, ஆற்றிலிருந்து எழும் மூடுபனி கருவாலித் தோப்பினூடே தவழ்ந்து, செவலை மாடுகள் மேயும் சரிவுகளை நனைத்து, கல்லறைத் தோட்டத்து மதிலேறி, கோயில் மணிக்கூண்டின் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் துறவியர் கருங்கல் அடுக்கி எழுப்பிய கோயில் அது. முதலில் மரக்கூரை வேய்ந்தனர். அது தீயில் வெந்தபின் வந்தவர்கள், மெலிந்த அதே சுவர்களின்மேல் கல்லால் வளைகூரை ஏற்றிவிட்டனர். ஏற்றிய நாள்முதல் அக்கூரை, நெரிசலில் அகப்பட்ட முரடன் முழங்கைகளால் இடிப்பதுபோல், இரு சுவர்களையும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. தென்புறத்தில், சுவரை வெளியிலிருந்து தாங்கிப் பிடிக்கும் உதைசுவர்கள் மூன்று கட்டினர். வடபுறத்தில் கட்டுமுன் போர் வந்தது, கொள்ளைநோய் வந்தது, கொத்தர்கள் போயினர். பிற்காலத்தில் என் முன்னோருள் ஒருவர், கோயிற் சுவரையே ஒரு பக்கமாகக் கொண்டு அங்கே மாட்டுக்கொட்டில் கட்டினார். அறிந்து கட்டினாரா, ஒரு சுவர் மிச்சமென்று கட்டினாரா, நானறியேன். கொட்டிலின் குறுக்குச் சுவர்கள் மூன்றும் கோயிலின் மூன்று வளைவுகளுக்கு நேராக நின்றன என்பதை மட்டும் அறிவேன்.

அந்தக் கொட்டிலைத்தான் சென்ற இலையுதிர் காலத்தில் இடித்தார்கள். நகரத்திலிருந்து வந்த கட்டடக்கலை அம்மையார், அது அழகிய முகத்தில் முளைத்த பாலுண்ணி என்றும், இறவாரத்தின் கீழுள்ள கல்முகங்கள் இருபதையும் உலகம் காணவொட்டாமல் மறைக்கிறது என்றும் சொன்னார். ஊர்த்தலைவன் மார்சியல் என் சிற்றப்பன் மகன். அவன் தாளை நீட்டினான். மாடுகள் போனபின் எனக்கெதற்கு என்று நானும் ஒப்பமிட்டேன். உறக்கத்தைக் கெடுக்கும் குற்றம் அதுவே. பிறர்மேல் போட்டுத் தப்ப வழியில்லை.

மாரி முடியுமுன் வளைகூரையின் உச்சியில் ஒரு பிளவு தோன்றி, நடுத்தூண்வரை இறங்கியது. அத்தூணின் தலையில் கூரையைத் தோளில் ஏந்திக் கண்பிதுங்கி நிற்கும் கற்குள்ளன் ஒருவன் உண்டு. பிளவு அவன் காதருகே வந்து நின்றது. அம்மையார் அதன் குறுக்கே சுண்ணப்பட்டை ஒன்று பூசி, அதில் நாளெழுதிச் சென்றார். சுவர் அசைந்தால் பட்டை விரியும். அதனால் அதற்குச் 'சாட்சி' என்று பெயர். நான் நாள்தோறும் போய் அதைப் பார்த்தேன். தவக்காலத்தின் நான்காம் வாரத்தில் அது மயிரிழை அளவு விரிந்திருந்தது. உறைபனியால் பட்டைதான் வெடித்தது, சுவர் அசையவில்லை என்றான் மார்சியல். பழையதைச் சுரண்டிவிட்டுப் புதியது பூசி, புதிய நாளும் எழுதுவித்தான். உண்மை சொன்ன சாட்சியை நீக்கிவிட்டு, ஒன்றும் காணாத சாட்சியைக் கூண்டிலேற்றும் வழக்கை அன்றுதான் கண்டேன்.

அந்தப் பிளவுக்கு நேர்கீழே திருமுழுக்குத் தொட்டி இருந்தது. உயிர்ப்புப் பெருவிழாவுக்குப் பின்வரும் ஞாயிறன்று என் மகள் குளோதில் தன் முதற்குழந்தையை அங்கே ஏந்தி நிற்க வேண்டும். பிள்ளைக்கு வயது நான்கு திங்கள், பெயர் ஒதீல். வேறு கோயிலில் வைத்துக்கொள் என்று மகளிடம் மன்றாடினேன்.

"அப்பா, நீங்க அங்கதான் முழுக்கு வாங்கினீங்க, நானும் அங்கதான். கொட்டில் போச்சேன்னு உங்களுக்கு வயித்தெரிச்சல், அத சுவர் மேல ஏத்துறீங்க," என்றாள் அவள். பங்குச் சாமியாரோ, தொட்டி ஒரே கல்லில் குடைந்தது, நகர்த்த எட்டுப்பேர் வேண்டும் என்று கைவிரித்தார்.

முழுக்குக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஊரார் அனைவரும் மாட்டுச் சந்தைக்குப் போன வேளையில், கொட்டிலின் கருவாலி உத்திரங்கள் மூன்றை, என் கொல்லையில் கிடந்தவற்றை, இழுவை வண்டியில் ஏற்றிவந்து, மூன்று வளைவுகளுக்கு நேராக வடசுவரில் சாய்த்து, அடியில் கற்பாளம் இட்டு, ஆப்பு இறுக அடித்தேன். இடுப்பு ஒடிந்துபோயிற்று. மாலையில் மார்சியல் வந்து, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, என்ன இது? கோயிலுக்கு ஊன்றுகோலா?"

"உனக்கும் ஒன்னு செஞ்சு தரட்டுமா?"

"அந்த அம்மா பார்த்தா என்னைத் தொலைச்சிடுவாங்க. பழங்காலக் கட்டடத்துல ஆணிகூட அடிக்கக் கூடாதுங்கறது சட்டம்."

"ஆணி அடிக்கலயே. சாய்ச்சுதானே வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் கை வச்சே, உன் அப்பன் ஆத்துல விழுந்த கதைய பந்தியில சொல்லுவேன்."

அவன் சிரித்துவிட்டுப் போனான். நான் சிரிக்கவில்லை.

ஞாயிறன்று கோயில் நிறைந்தது. எல்லோரும் குழந்தையைப் பார்த்தனர். நான் குள்ளனின் காதைப் பார்த்திருந்தேன். சாமியார் மும்முறை நீர் வார்த்தார். மூன்றாம் முறை வார்க்கையில் மேலிருந்து பயற்றளவு சுண்ணத்துகள் ஒன்று உதிர்ந்து, தொட்டி நீரில் 'டப்' என வீழ்ந்தது. பிள்ளை வீரிட்டது. அழுகை கூரையில் மோதித் திரும்பிய அந்த நொடியில், எண்ணூறு ஆண்டுகளின் பாரமும் என் பிடரியில் வந்து அமர்ந்தது போலிருந்தது. நான் குறுக்கே பாய்ந்து, மகளைப் பிள்ளையோடு தோள்பற்றி, மணிக்கூண்டின் தடித்த சுவர்களுக்குக் கீழே இழுத்துச் சென்றேன். எல்லோரும் அண்ணாந்து கூரையைப் பார்த்தனர். ஒன்றும் விழவில்லை. பின்வரிசையில் எவனோ புறா என்றான், சிரிப்பலை எழுந்தது. குளோதில் சிரிக்கவில்லை, சினக்கவும் இல்லை. சாமியாரிடம், "மிச்சத்த இங்கயே முடிச்சிடுங்க சாமி," என்று மட்டும் சொன்னாள்.

சடங்கு முடிந்ததும் மார்சியல் ஏணி சாத்தி, விளக்கேந்தி, சுண்ணப்பட்டையை ஊரார் முன் காட்டினான். விரியவில்லை.

"பாருங்கண்ணே, மயிரளவுகூட விரியல. சுவர் தன் கால்லதான் நிக்குது."

"என் உத்திரத்து மேல நிக்குது."

"அதெப்படித் தெரியும்?"

"எடுத்துப் பாரு."

"எடுக்கத்தான் போறேன். அடுத்த வாரம் அந்த அம்மா வர்றாங்க."

தாங்கியது சுவரா மரமா என்பதை, மரத்தை எடுக்காமல் அவனாலும் நிறுவ முடியாது, என்னாலும் முடியாது. எடுத்துப் பார்த்தபின் தெரிந்துகொள்ள யார் எஞ்சுவர் என்பதுதான் என் கேள்வி. அதை அங்கே கேட்கவில்லை. வாத்திறைச்சியும் செர்ரிப்பழ அடையும் மணக்க, கோயில் வாசலில் பந்தி தொடங்கிவிட்டது.

தொட்டி நீரிலிருந்து எடுத்த சுண்ணத்துகளைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு வெளியே வந்தேன். உத்திரங்களின் அடியில் குனிந்து ஆப்புகளைத் தட்டிப் பார்த்தேன். மூன்றாவது, சுவர் சாய்ந்து அழுத்தினாற்போல், நான் அடித்தபோது இருந்ததைவிட இறுக்கமாக இருந்தது. மழையில் மரம் ஊதியிருக்கும் என்பார்கள். மூன்று நாளாய் மழையே இல்லை. வீடு நோக்கி நடந்தேன்.