சுகமானதற்கு மூன்று சுற்று

லக்சனுக்குச் செங்கண்மாரி, அந்த மஞ்சட்காமாலை, மாறி நாற்பது நாளாகிறது. கண் மஞ்சள் போய் வெள்ளை. இரத்தப் பரிசோதனையிலும் குறையில்லை. வலது விலாவுக்குக் கீழே நோவும், எண்ணெய் மணத்துக்கு வரும் ஓங்காளமும், பல்லுத் தீட்டினாலே படுக்கச் சொல்லும் களைப்பும் மட்டும் போக மனமில்லாமல் நின்றன.

"வருத்தம் மாறிட்டுது. ஆனால் களைப்புப் போக இன்னும் ரெண்டு மூண்டு மாதம் செல்லும் தம்பி, உடம்பை வருத்தாதையும்," என்று டொக்டர் சொன்னபோது அம்மாவும் பக்கத்தில்தான் இருந்தாள். முதல் வசனத்தோடு அவள் கைகூப்பிவிட்டாள். மிச்சம் காதில் ஏறவில்லை.

மகனுக்குச் சுகமானால் தேரன்று அவன் கோயிலை மூன்று சுற்று உருண்டு பிரதட்டை செய்வான் என்று ஒழுங்கைமுனைப் பிள்ளையாருக்கு அவள் நேர்ந்திருந்தாள். உருளப் போகிறவனிடம் யாரும் கேட்கவில்லை. மஞ்சள் கண்ணோடு கிடக்கிறவனிடம் கேட்கிற வழக்கமும் இல்லை.

"இப்ப சுகம்தானே, அப்பன்?" தினமும் கேட்டாள்.

"ஓம் அம்மா." "இல்லை" என்று சொன்னால் பிள்ளையார்மேல் முறைப்பாடு கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

தேர் நகர்ந்தது. ஈரவேட்டியோடு, கைகளை நீட்டித் தேங்காயைப் பிடித்தபடி லக்சன் மணலில் படுத்தான். சிநேகிதன் றஜிந்தன் உருட்டிவிட்டான். பின்னால் அம்மா மூன்றடிக்கு ஒருமுறை விழுந்து கும்பிட்டபடி வந்தாள்.

ஒவ்வொரு புரளலிலும் வலது விலா ஒருதடவை நிலத்துக்கு வரும் என்பதை முதற் புரளலிலேயே கண்டுபிடித்தான். முதற் சுற்று முடிகிற இடத்தில் வடைக் கடையின் எண்ணெய்ச் சட்டி கொதித்தது. மூச்சை அடக்கினான்.

"மச்சான், முகம் வெளிறுது. காணும், எழும்படா."

"பேசாமல் உருட்டு. அம்மா பின்னாலை வாறா."

இரண்டாம் சுற்றில் வானமும் மணலும் மாறிமாறி வந்தன. பிறகு இரண்டும் ஒன்றாகவே வந்தன. தேங்காய் கைநழுவியது. மஞ்சளாகச் சத்தியெடுத்தான். பின்னால் உருண்டு வந்த நாலு பேர் ஒருவரோடொருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள். பிரதட்டையில் வாகன நெரிசலை ஊர் அன்றுதான் கண்டது.

"கனடாவிலையிருந்து வந்தவர், அறுபது வயசு, மூண்டு சுத்தும் முடிச்சிட்டார்," என்றார் பக்கத்து வீட்டு நமசிவாயம். "உவன் ஒண்டரையிலை படுத்திட்டான்!"

அம்மா ஓடிவந்தாள். "என்னப்பன்? சுகம் எண்டுதானே சொன்னனீ?"

வழமையான "ஓம்" நாக்கு நுனிவரை வந்தது. சுற்றிவரச் சனம். இனி உருண்டால் எழும்பமாட்டான் என்று அவனுக்குத் தெரிந்தது. உருளாவிட்டால் அம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டும்.

"இல்லையம்மா. இன்னும் சுகமில்லை. ஒவ்வொரு நாளும் பொய்தான் சொன்னனான்."

அவள் சேலைத் தலைப்பால் அவன் வாயைத் துடைத்தாள். பிறகு தேரிலிருந்த பிள்ளையாரை நிமிர்ந்து பார்த்தாள். மேளத்தையும் மேவி அவள் குரல் வந்தது.

"நான் நேர்ந்தது சுகமானால் எண்டு. இன்னும் ஆகேல்லையாம். அவர் முதல்லை தன்ரை வேலையை முடிக்கட்டும், பிறகு இவன் வந்து உருளுவான்."

நமசிவாயம் வாயைத் திறந்தார். அம்மா முந்திக்கொண்டாள்.

"அண்ணை, சும்மா நிக்காமல் ஓட்டோ ஒண்டைக் கூப்பிடுங்கோ."

அவர் போனார். லக்சன் எழும்ப அவசரப்படவில்லை. மணல் முதுகைச் சுட்டது. சுட்டாலும் கிடந்தான்.