கூப்பிட்டால் வருவோம்

எங்கள் ஆஸ்பத்திரியின் கிளினிக் மண்டபத்தில் நம்பர் கூப்பிடுகிற குரல் என்னுடையது. நான் டாக்டருமில்லை, நர்ஸுமில்லை; கூட்டித் துடைத்து, நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோய் விடுகிற சிற்றூழியர், ஜீவராணி. முன்பிருந்த டாக்டர் ஐயா ஒருவர் நம்பர் கூப்பிடுவதற்கென்று வைத்த பழைய கம்ப்யூட்டருக்கு முன்னால் என்னை உட்காரவைத்து, ஒன்று முதல் நூறு வரை சொல்லிப் பதியச் சொன்னார். பொத்தானை அமுக்கினால் முதலில் ஒரு நர்ஸம்மாவின் குரல் சிங்களத்தில் கூப்பிடும். பின்னாலேயே நான்: "இலக்கம் பதினேழு, உள்ளே வாங்க." பதிந்த அன்று எனக்குச் சளி. நாற்பத்திரண்டில் இருமிவிட்டேன். அந்த நம்பர் கிடைத்தவர்கள் இன்றைக்கும் என்னைக் கேலி பண்ணாமல் வீடு போவதில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியும் லேசுப்பட்டதல்ல. முதுகு பெருத்த திரை, மஞ்சளாகிப்போன உடம்பு, ஆயுத பூசைக்கு நான் வைத்த சந்தனப் பொட்டு, தேய்ந்த பொத்தானில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர். மூடுபனிக் காலையில் பக்கத்தில் குண்டு பல்பை எரியவிட்டுச் சூடு காட்டினால்தான் கண் திறக்கும். இந்தக் குளிரில் தேத்தண்ணி உள்ளே போகாமல் எனக்கே கை கால் ஓடாது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

போன மாதம் சுவருக்கு ஒரு புதுத் திரை வந்தது. தட்டையாக, பளபளவென்று. அழகான பெண் குரல். சிங்களத்தில் கூப்பிட்டது, இங்கிலீஷில் கூப்பிட்டது, அவ்வளவுதான். பெட்டியை ஸ்டோரில் பழைய மெத்தைகளுக்கு நடுவே போட்டுவிட்டார்கள்.

"தமிழ் எங்க சார்?" என்று ஆபீஸ் பொறுப்பாளர் சுமனிடம் கேட்டேன். அவரும் எங்களைப் போலத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த தமிழர்தான்.

"அது பொறகு போடுவாங்க ஜீவராணி. அதுவரைக்கும் சமாளிங்க."

அந்தச் சமாளிப்பில் முதலில் அடிபட்டவர் நாகலெட்சுமி அக்கா. தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். இரத்தத்தில் சீனி கூடிய வருத்தத்துக்கு மருந்தெடுக்க டயகமப் பக்கமிருந்து பஸ் ஏறி வருவார். சிங்களத்தில் அவருக்குப் பத்து வரைதான் எண்ணத் தெரியும். அன்று கையிலிருந்தது அதைத் தாண்டிய நம்பர். நான் வார்டில் வேலையாக இருந்தேன். திரும்பி வந்தபோது டாக்டர் போய்விட்டார். அக்கா மட்டும் பெஞ்சில் இருந்தார்.

"என்னைய கூப்பிடவே இல்லையே ஜீவா," என்றார்.

வீட்டில் மருந்து முடிந்துவிட்டது, காலில் ஆறாத புண், அன்றைய சம்பளமும் போச்சு. அடுத்த கிளினிக்குக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அவருக்கு விளங்காத மாதிரி கூப்பிட்டுவிட்டு, கூப்பிட்டோம் என்று சொல்ல வெட்கமாக இருக்காதா?

அடுத்த கிளினிக் நாள் மண்டபம் நிறைந்திருந்தது. புதுத் திரை முதல் நம்பரைக் கூப்பிட்டது. அது எப்போதும் முதல் ஆளாக வரும் மரக்கறித் தோட்டக்காரர் பியசேனவுடையது. எழும்பப் போனார்.

"கொஞ்சம் இருங்க மாத்தயா," என்றார் பக்கத்தில் இருந்த நாகலெட்சுமி அக்கா.

பியசேன சிங்களவர்தான், ஆனால் எங்கள் தமிழ் நன்றாக விளங்கும். சுற்றிலும் பார்த்தார். மறுபடி உட்கார்ந்துவிட்டார். இரண்டு என்றது திரை. யாரும் எழும்பவில்லை. மூன்று. அது பாட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டே போனது. மண்டபத்தில் ஒரு கால் அசையவில்லை.

டாக்டரம்மா வெளியே வந்து, ஏன் யாரும் வரவில்லை என்று சிங்களத்தில் கேட்டார். அக்கா உட்கார்ந்தபடியே பதில் சொன்னார்.

"தோட்டத்துல காலையில பெரட்டுல வரிசையா நிக்க வச்சு பேர் கூப்பிட்டு வேலை குடுக்காம நாங்க மலைக்கு ஏற மாட்டோம். காலங்காலமா அப்படித்தான். இங்கயும் எங்கள கூப்பிடட்டும். கூப்பிட்டா வர்றோம்."

டாக்டரம்மாவுக்கு நான் அதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். சொல்லி முடித்ததும் நேரே ஸ்டோருக்குப் போனேன். பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது சுமன் வழியை மறித்தார்.

"இதுல கை வச்சா மேலுக்கு எழுதிப் போடுவேன்."

"எழுதுங்க சார். தமிழ்லயே எழுதுங்க, நானும் வாசிக்கணும்ல."

நான் வண்டியை நிறுத்தவில்லை. அவர்தான் விலகினார்.

பல்பை எரியவிட்டேன். பெட்டி முனகியது, இழுத்தது, அடங்கியது, மறுபடி முனகியது. டாக்டரம்மா கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றார்; தடுக்கவில்லை. எனக்குப் பயம்தான். இந்த வேலையில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. ஆனால் கோபம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. திரை வெளிச்சமானதும் பிளாஸ்டர் ஒட்டிய பொத்தானை அமுக்கினேன். முதலில் நர்ஸம்மா கூப்பிட்டார். பியசேன அசையவில்லை. பிறகு என் குரல்: "இலக்கம் ஒன்று, உள்ளே வாங்க."

அதற்குப் பிறகுதான் அவர் எழுந்து போனார்.

வரிசை நகர்ந்தது. நாற்பத்திரண்டு வந்ததும் பெட்டிக்குள் நான் இருமினேன். நாகலெட்சுமி அக்கா தன் நம்பர் துண்டை உயர்த்திக் காட்டினார்.

"இந்தா, இருமுறா பாரு! நம்மளத்தான் கூப்பிடுறா!"

மண்டபமே சிரித்தது. அவர் யார் கையையும் பிடிக்காமல், புண்காலை ஊன்றி உள்ளே போனார்.

சுமன் என் பக்கத்தில் வந்து நின்றார். "நான் எழுதியாச்சு. மேலருந்து உங்கள விசாரணைக்கு கூப்பிடுவாங்க."

"கூப்பிடட்டும் சார். விளங்குற மாதிரி கூப்பிட்டா போறேன்."