ஆறு வருட நடுக்கம்

மாப்பிள்ளை பல் டாக்டர். ஆனால் மாமனார் வீட்டில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது பல் அல்ல, மீன்தொட்டி. கல்யாணமான அடுத்த வாரம் விருந்துக்கு வந்திருந்தபோது, தொட்டிக்குக் காற்று விடும் மோட்டாரின் குழாய் வெடித்துவிட்டது. மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. மாப்பிள்ளை வெளியே ஓடி, எங்கிருந்தோ ஒரு கறுப்பு ரப்பர் குழாயைக் கொண்டுவந்து மாட்டினார். ஒரு நிமிட வேலை, ஆறு வருடப் புகழ். அன்றிலிருந்து பூட்டு திறக்கவில்லையா, மின்விசிறி முனகுகிறதா, "மாப்பிள்ளை வரட்டும், அவர் கைவச்சா சரியாயிடும்" என்று எடுத்து வைத்துவிடுவார்கள். அவரும் எல்லாவற்றையும் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போய், காதும் காதும் வைத்தாற்போல் ஆள் வைத்துச் சரிசெய்து, பெயரைக் காப்பாற்றி வந்தார்.

ஆறு வருடமாக ஓடாமல் கிடக்கும் மாமனாரின் காரை அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதுதான் இந்த ஞாயிற்றுக்கிழமையின் சங்கடம்.

"நான் இனிமே ஓட்டப் போறதில்ல மாப்பிள்ளை" என்றார் மாமனார், டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். "நீங்க ரெண்டு பேரும் எடுத்துக்கோங்க. புது பேட்டரி, புது பிளக் எல்லாம் போட்டுட்டேன். பழைய பெட்ரோலையும் இறக்கிட்டேன். ஸ்டார்ட் ஆகுது, ஆனா நிதானமா நிக்க மாட்டேங்குது. பதினோரு மணிக்கு பழைய இரும்புக்காரர் வர்றார். அதுக்குள்ள சரியானா உங்களுக்கு, இல்லன்னா அவருக்கு." அந்தக் காரை அவர் பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருந்தவர்.

மணி பத்தரை.

மாமனார் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். வண்டி உயிர் பெற்றது. உடனே குளிர்ஜுரம் வந்ததுபோல் உதற ஆரம்பித்தது. மூடியைத் திறந்து வைத்திருந்த இன்ஜினின் ஓரமாகக் கிடந்த ஸ்பேனர் தானே நகர்ந்து நகர்ந்து போய் மாப்பிள்ளையின் கால் கட்டைவிரலில் விழுந்தது.

"என்னங்க, தெரியாதுன்னு சொல்லிடுங்க. இது பல் இல்ல" என்று மனைவி காதைக் கடித்தாள்.

"எல்லாம் ஒண்ணுதான்" என்று ஒற்றைக் காலில் நின்றபடி முறைத்தார் மாப்பிள்ளை. பிறகு தனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் விசாரணையைத் தொடங்கினார்.

"எவ்வளவு நாளா இந்தத் தொந்தரவு?"

"கிடந்து கெட்டதுதானே மாப்பிள்ளை. ஆறு வருஷம்."

"எப்பவும் இருக்கா, விட்டுவிட்டு வருதா?"

"ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா நல்லா இருக்கு. காலை எடுத்தா குதிக்குது."

"சூடா ஏதாவது குடி..." என்று வாய் தன் பாட்டுக்குப் போனதை மாப்பிள்ளை இருமி மறைத்தார். பையிலிருந்து நோயாளிகளின் கடைவாயைப் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்து இன்ஜினுக்குள் விட்டார். எண்ணெய்ப் பிசுக்கு, சிலந்தி வலை, காய்ந்த இலை. ஒன்றும் புரியவில்லை. நிறையப் புரிவதுபோல் "ம்ம்" என்றார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. ஸ்ஸ்ஸ். அவர் நாள் முழுக்கக் கேட்கிற சத்தம். கிளினிக்கில் நோயாளியின் வாயில் எச்சில் உறிஞ்சும் குழாய் இப்படித்தான் சீறும். ஏதோ காற்றை உறிஞ்சுகிறது! சத்தம் வந்த திசையில் கண்ணாடியைத் திருப்பினார். கார்புரேட்டருக்குக் கீழே பென்சில் பருமனில் ஒரு உலோக மூக்கு, மூடியில்லாமல் திறந்து கிடந்தது. அதன்மேல் விரலை வைத்தார்.

வண்டி சட்டென்று அடங்கியது. உதறல் இல்லை, குதியல் இல்லை. பூனை உறுமுவதுபோல் ஒரே சீரான சத்தம்.

"மாப்பிள்ளை!" என்று கத்தினார் மாமனார். "கைராசின்னா கைராசிதான்!"

மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. அந்த மூக்கை அவருக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன்னால் இதிலிருந்துதான் அவர் ஒரு கறுப்பு ரப்பர் குழாயை உருவிக்கொண்டு ஓடினார். உள்ளே அத்தனை குழாய்கள் இருந்தன, ஒன்று போனால் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்திருந்தார். கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் விஷயம் அமுங்கிவிடும். ஆனால் விரலை எடுத்தால் வண்டி குதிக்கிறது, வாசலில் இரும்புக்காரரின் லாரி வந்து ஹார்ன் அடிக்கிறது.

"அங்க என்ன இருந்துச்சு?" என்றார் மாமனார்.

"ஒரு டியூப், மாமா."

"எங்க போச்சு?"

"எலி... எலி கடிச்சிருக்கும்."

மாமனார் தலையை வெளியே நீட்டி அவரை உற்றுப் பார்த்தார். "முப்பது வருஷம் டிக்கெட் இல்லாத மூஞ்சியையே பாத்தவன் நான். சொல்லுங்க."

சொல்லிவிட்டார். மீன்தொட்டி, மோட்டார், உருவியது எல்லாவற்றையும், இன்ஜினுக்குள் விரலை விட்டபடியே, ஒரே மூச்சில். பெயரும் போச்சு, காரும் போச்சு என்று தலையைக் குனிந்துகொண்டார்.

மாமனார் திட்டவில்லை. ஸ்டீயரிங்கில் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணமான அடுத்த வாரமா?"

"ஆமா மாமா."

"அந்த வாரம்தான் சிக்னல்ல நிக்கும்போது கை லேசா நடுங்குச்சு. நரம்பு போச்சு, வயசாயிடுச்சுன்னு நெனச்சேன். யார்கிட்டயும் சொல்லல. எவன் மேலயாவது ஏத்திடுவேனோன்னு பயந்துதான் வண்டியை மூடிப் போட்டேன். அப்ப நடுங்குனது நான் இல்லையா?"

அவர் ஒரு கையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு மகள் கையிலிருந்த டீ டம்ளரை அந்த ஒரே கையால் வாங்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்து முடித்தார். மகள் அழுதுவிட்டாள். மாப்பிள்ளைக்கும் கண் கலங்கியது, துடைக்க விரல்தான் இல்லை.

"வண்டி உங்களுக்குக் கிடையாது" என்றார் மாமனார், கண்டிப்பாக. "தொட்டியில இருக்கிற அந்தக் குழாயைக் கழட்டிக் கொண்டாந்து இதுல மாட்டுங்க. நான் போய் மீனுக்குப் புதுசு வாங்கிட்டு வர்றேன். கடை ரெண்டு தெரு தள்ளிதான். அதுவரைக்கும் மீனுக்கு மூச்சு உங்க பொறுப்பு."

இரும்புக்காரர் வெறும் லாரியோடு திரும்பிப் போனார். மாப்பிள்ளை தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டு, ஜூஸ் குடிக்கும் குழலைத் தண்ணீருக்குள் விட்டு ஊத ஆரம்பித்தார். கன்னம் வலித்தது. ஒரு மணி நேரமாயிற்று.

"பல்லைப் புடுங்குறதோட நிறுத்தியிருக்கலாம்" என்றாள் மனைவி.

தெருவில் ஹார்ன் சத்தம். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார் மாப்பிள்ளை. மாமனார் மூன்றாவது முறையாக வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார், நிறுத்துகிற எண்ணமே இல்லாமல். காரிலிருந்து ஒரு கை வெளியே நீண்டு டாட்டா காட்டியது. கையில் மீன்தொட்டிக்கு வாங்கிய புதுக்குழாய் இருந்தது. கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

மாப்பிள்ளை மூச்சை இழுத்துப் பிடித்து, மறுபடியும் ஊதினார்.