கொடியில் தொங்கிய மொழி

முன்னறையில் ஆறு கொடிகள் கட்டியிருந்தன. அவற்றில் துணி காய்ந்ததே இல்லை. லத்தீனிலிருந்து பிரிந்து, யாரும் போகாத ஒரு தீவில் வளர்ந்ததாக வீட்டுக்காரரான லிஃப்ட் மெக்கானிக் கற்பனை செய்த மொழிதான் அங்கே அட்டை அட்டையாகத் தொங்கியது. இத்தாலிய மொழிக்கும் ஸ்பானிஷுக்கும் அது தங்கை முறை. ஒன்பது வருடமாக அதற்கு இலக்கணம் எழுதினார். ஒரு கொடி ஒரு நூற்றாண்டு. ஒரு மாற்றம் ஒரு அட்டை. முந்தைய மாற்றத்தின் மேல்தான் அடுத்தது ஏறும் என்பதால் வரிசைதான் உயிர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் அவசர வேலையாகப் போயிருந்தபோது ஜன்னல் வழியே சாரல் அடித்தது. மனைவி ஓடிப்போய் நூற்று நாற்பது அட்டைகளையும் கழற்றினாள். ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையில் பதினெட்டு வருடம் பழகிய கை சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் எழுத்து வரிசையில் அடுக்கி ரப்பர் பேண்டு போட்டுவிட்டாள்.

அவர் வந்து அட்டைக் கட்டைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. மறுநாள் மதியத்துக்குள் இலக்கணத்தை மொழி படைப்பவர்களின் போட்டிக்கு அனுப்ப வேண்டும்.

"ஒண்ணுகூட நனையல. அழகா அடுக்கியிருக்கே" என்றார்.

"பூசி மெழுகாதீங்க. என்ன பண்ணித் தொலைச்சேன்?"

வரிசை போய்விட்டதைச் சொன்னார்.

"நம்பர் போட்டு வைக்க மாட்டீங்களா?"

"நடுவுல புதுசு புதுசா செருகிட்டே இருப்பேனே!"

"எங்க ஆஸ்பத்திரியில இப்படி இருந்தா வலது காலுக்கு இடது காலை அறுத்திருப்பாங்க."

அவர் சிரித்தார். திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். கடவுளே, இந்த மனுஷனைக் கைவிட்டுவிடாதே என்று வேண்டிக்கொண்டு முதல் அட்டையை எடுத்தாள்.

"இது சொல்லோட வால், அந்தக் கடைசி எழுத்து, உதிர்ந்தது. முதல் கொடி, ஜன்னல் ஓரம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் துணி மடிக்கும்போதெல்லாம் யார் காதுல ஓதினீங்க? வீட்ல வேற ஆளா இருக்கு?" அடுத்ததை எடுத்தாள். "இது, 'என்கிட்ட இருக்கு'ங்கிற சொல் இன்னொரு சொல்லோட ஒட்டிக்கிட்டு, நாளைக்கு நடக்கப்போறதைச் சொல்ல ஆரம்பிச்சது. வீட்டோட மாப்பிள்ளைன்னு சொன்னீங்களே! மூணாவது கொடி."

அவள் சொல்லச் சொல்ல அவர் கொடியில் மாட்டினார். ஒன்பது வருடம் ஒவ்வொரு செங்கலாக அவர் கட்டியதை, கையில் எடுக்கும்போதுதான் அவளுக்கே முழுதாகத் தெரிந்தது. இல்லாத தீவுக்கு இத்தனை அக்கறையா என்று பிரமித்தாள். பதினோரு அட்டைகள் மட்டும் அவளுக்கு நினைவில்லை. சுற்றிலும் உள்ளவை நிரம்பியதும் அவற்றின் இடத்தை அவரே கண்டுபிடித்தார்.

வெளிச்சம் மங்குமுன் ஆறு கொடிகளும் நிறைந்தன. அவர் போட்டிப் படிவத்தை எடுத்தார். இம்மொழி அறிந்தவர் எத்தனை பேர் என்ற கேள்விக்கு முன்பே எழுதியிருந்த 'ஒருவர்' என்பதை அடித்தார்.

"எனக்குப் பேச வராதுங்க" என்றாள் அவள்.

"எனக்கும்தான் இன்னும் சரியா வரல" என்று சொல்லி, 'இருவர்' என்று எழுதினார்.