விறகு வைக்காத வெந்நீர்

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. கூரையில் ஏற்கெனவே சூரியத் தகடு மாட்டியிருக்கும் வீட்டை விலைக்கு வாங்குகிறவர்கள் எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லி ஒரு பத்திரிகையில் கேட்டார்கள். எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. தெரியாததை எழுதித்தானே இத்தனை நாளும் காலம் தள்ளுகிறேன், சரி என்றேன். "முதலில் கூரையைப் பாருங்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நிமிர்ந்தால், அந்தக் கூரைக்கு ஏணி சாத்தி ஒரு பெண் ஏறிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இறங்குங்கள். இது கட்டுரை" என்றேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தாள். அவளுக்குப் பின்னால் மலை தெரிந்தது. ஏலக்காய் வாசனை வந்தது. அவள் பிளவுஸின் கையையும், கீழே முற்றத்தில் நின்ற ஆளின் சட்டைக் காலரையும் பார்த்தபோது இது எழுபதுகளின் நடுப்பகுதி என்று தெரிந்துபோயிற்று.

அந்த மலையூர் ஆனைக்கரையில் அந்தக் காலத்தில் சூரியத் தகட்டுக்கு எங்கே போவது? அதனால் தகட்டை எடுத்துவிட்டு ஒரு பெட்டியை வைத்தேன். கறுப்புப் பூசிய இரும்புக் குழாய்கள், மேலே கண்ணாடி, அதற்கும் மேலே தென்னை நாரும் சாக்கும் சுற்றிய ஒரு டிரம். வெயில் பட்டால் குழாயில் தண்ணீர் சுடும், சுட்ட தண்ணீர் தானே டிரம்முக்கு ஏறிக்கொள்ளும். கரண்டும் வேண்டாம், விறகும் வேண்டாம்.

2

தொடக்கம் சரியாக அமையவில்லை.

"ஆனைக்கரைக்கு மேலே மூடுபனி ஒரு —"

வேண்டாம். மூடுபனியை எதற்காவது ஒப்பிடாமல் இதை எழுதுகிற ஆள் விடமாட்டான் என்று இப்போதே தெரிகிறது.

"குமுளியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அர்த்தநாரி கேட்ட முதல் —"

இதுவும் வேண்டாம். அர்த்தநாரி அவளுடைய கணவர். எங்கே போனாலும் முன்னால் நடக்கிற மனிதர். அவரிடமிருந்து தொடங்கினால் கதையும் அவர் பின்னாலேயே போய்விடும்.

இப்படித் தொடங்குகிறேன்:

மயிலாத்தாளுக்கு வெந்நீர் என்றாலே புகைதான். பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த மறுநாளிலிருந்து அவள்தான் அங்கே வெந்நீர் அடுப்பு மூட்டுகிறாள். மாமனார் குளிப்பார், கணவர் குளிப்பார், கொழுந்தன்மார் குளிப்பார்கள். தென்னமட்டையும் காய்ந்த பருத்திமார்க் குச்சியும் ஊதி ஊதிக் கண் சிவந்து, அவள் முறை வரும்போது அண்டாவில் கரி மிதக்கிற ஒரு சொம்புத் தண்ணீர் கிடக்கும். அவள் தொட்டித் தண்ணீரிலேயே குளித்துவிடுவாள். யாரும் அவளைக் கொடுமைப்படுத்தவில்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கிணறு வற்றியது. தோட்டத்தைத் தம்பிமாருக்கு விட்டுவிட்டு மலையில் ஏலத்தோட்டம் வாங்கலாம் என்றார் அர்த்தநாரி. மயிலாத்தாள் முதன்முறையாக முடியாது என்றாள்.

"அது குளுரு ஊருங்க. அங்கயும் வந்து நானே அடுப்புக்கு முன்னால உக்காரோணுமாக்கும்? என்னால முடியாதுங்க."

அப்போதுதான் தரகர் வந்து சொன்னார், ஆனைக்கரையில் தோட்டத்தோடு ஒரு வீடு விலைக்கு வருகிறது, அந்த வீட்டில் வெயிலே தண்ணீர் காய்ச்சிக் கொடுக்கிறது என்று. அவள் மறுபேச்சில்லாமல் பஸ் ஏறினாள். பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று சுற்றிக்கொண்டு போன அந்த வழி நெடுக, ஜன்னலோரம் கண்ணை மூடி, ஒரு குழாயையே கனவு கண்டாள். கனவில் குழாய் ஊற்றிக்கொண்டே இருந்தது. புகையே இல்லை.

3 (முதலில் எழுதியபோது இது 5)

அர்த்தநாரி குடும்பத்தில் ஒரு வழக்கம். எந்த நிலம் வாங்கினாலும் ஆண்கள் எல்லையையும் பத்திரத்தையும் பார்ப்பார்கள். வீட்டுப் பெண் தண்ணீரைப் பார்ப்பாள். வாயில் விட்டுக் கொப்பளித்து, ஒரு மிடறு குடித்து, "தண்ணி நல்லா இருக்குதுங்க" என்று அவள் சொன்ன பிறகுதான் வெற்றிலைத் தட்டு கை மாறும். அதற்கப்புறம் பேச்சு மாறக் கூடாது.

[இப்படி ஒரு வழக்கம் உண்டா என்று கேட்பீர்கள். இந்த ஒரு குடும்பத்துக்கு நான் பொறுப்பு. பக்கத்து வீட்டுக்குப் பொறுப்பில்லை.]

தண்ணீர் உப்பா, நல்லதண்ணியா என்று நாக்கில் பட்டதுமே சொல்லிவிடுவாள் மயிலாத்தாள். ஆனால் வெயிலைப் பார்த்து வாங்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கொழிஞ்சாம்பாறையில் வெயில் வேண்டாம் வேண்டாமென்றாலும் வந்து விழும். தண்ணீருக்குத்தான் அங்கே பஞ்சம். மலையில் எல்லாம் தலைகீழ் என்று அவளுக்குத் தெரியாது.

4

வீட்டுக்காரர் வீரபாண்டி சித்திரபுரத்தில் கரண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சொந்த ஊர் கம்பம். கம்பத்துப் பழைய இரும்புக் கடையில் குழாய் வாங்கி வந்து அவரே கட்டிய பெட்டி அது. அவர் முற்றத்தில் அர்த்தநாரிக்கு எல்லைக்கல்லைக் காட்டிக்கொண்டிருக்க, அவர் மனைவி சுருளியம்மாள் பின்பக்கம் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

மயிலாத்தாள் சந்தையில் மாடு பிடிக்கிற மாதிரி பார்த்தாள். பெட்டிக்கு அடியில் கையை விட்டு ஓடு ஈரமா என்று தடவினாள். கண்ணாடியில் கீறல் உண்டா என்று விரல் ஓட்டினாள். குழாய் மூட்டில் சுற்றிய சணலைக் கிள்ளிப் பார்த்தாள்.

"ஏனுங்க அக்கா, இது ஊட்டோட வருதுங்களா? நாளைக்குக் கழட்டிக்கிட்டுப் போயிர மாட்டீங்களே?"

"இதைக் கழட்டுனா எங்க வீட்டுக்காரரு கையைக் கழட்டுன மாதிரில்ல. இங்கனயே கெடக்கட்டும்க்கா."

"கெட்டுப்போனா ஆருங்க பாக்கறது?"

"கம்பத்துக்குச் சொல்லிவிட்டா அவரே வந்துருவாரு." ஏணியைத் தடவிக்கொண்டே, "அவரு இருக்குற வரைக்கும்" என்றாள்.

மயிலாத்தாள் இறங்கிவந்து, சுவரோரக் குழாயைத் திருகினாள். சிவப்பாகக் கொஞ்சம் வந்து, பிறகு தெளிந்தது. கையை நீட்டினாள்.

சூடு.

யாரும் ஊதாத சூடு. அவள் கையை எடுக்கவில்லை. தண்ணீர் முழங்கைவரை ஓடி, வளையலை நனைத்து, கல்லில் விழுந்து ஆவி விட்டது. பருத்திமார் வாடையைத் தேடி அவள் மூக்கு தானாக விரிந்தது. ஒன்றுமில்லை, ஏலப்பூ வாசனை மட்டும். இத்தனை வருஷம் மூட்டிய அத்தனை அடுப்பும் ஒரே நேரத்தில் அணைந்த மாதிரி இருந்தது அவளுக்கு. அழுகை வந்தது. அழுதாள். சுருளியம்மாள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

கண்ணைத் துடைக்கத் தலையைத் தூக்கியபோதுதான் மயிலாத்தாள் அந்தப் பலாமரத்தைப் பார்த்தாள். கூரையை ஒட்டி, ஏலச்செடிகளுக்கு நடுவில் நின்றது. கிளைகளெல்லாம் வெட்டுப்பட்டு, வெட்டுவாயில் பால் இன்னும் காயவில்லை.

"இப்பத்தான் வெட்டுனீங்களா?"

சுருளியம்மாள் முற்றத்துப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"வைகாசியில மழைக்கு முன்னாடி கெளை கழிக்கிறதுதான்க்கா. எல்லாத் தோட்டத்துலயும் உண்டு. ஆடிக்குள்ள தழைச்சு மூடிரும். மூடுனா பெட்டியில வெயிலு படாது, தண்ணி பச்சத்தண்ணிதான்."

"அப்ப திரும்பவும் வெட்டுனா?"

"நெழலு போனா ஏலம் கருகிருமே. சோறு போடுறது ஏலம்தானக்கா. எங்க வீட்டுல இதுதான் ஓயாத சண்டை. அவரு பெட்டிக் கட்சி, நான் ஏலக் கட்சி. எந்த வருசமும் நாந்தான் ஜெயிச்சேன்." குரலைத் தாழ்த்தினாள். "இதை வித்துட்டு மகன்கிட்ட எறங்கிப் போயிரணும்னு நான் கெடந்து தவிக்கிறேன். இருந்தாலும் நீங்க கை நீட்டிக்கிட்டு நின்னதப் பாத்தபொறவு மறைக்க மனசு வரல. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க."

5

விற்கிறவள் இப்படிச் சொல்வாளா? முதல் வரைவில் சுருளியம்மாள் வாயே திறக்கவில்லை. கெட்டிக்காரியாக இருந்தாள். ஆனால் அப்படி எழுதிய பக்கத்தை வைத்துக்கொண்டு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு பெண் வெந்நீரில் கை வைத்து அழுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள், அவளும் மலைக்குளிரில் அடுப்பு ஊதியவள்தானே. சொல்லத்தான் செய்வாள். அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

6

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன்.

(அ) மயிலாத்தாள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறாள். அர்த்தநாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வேற எடம் பாத்துக்கலாம் வா" என்கிறார். மறுநாள் விடிவதற்கு முன்னால் கொழிஞ்சாம்பாறையில் புகை எழுகிறது. சுருளியம்மாள் ஏணியை எடுத்து உள்ளே வைக்கிறாள்.

(ஆ) "தண்ணி நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிடுகிறாள். வீடு அவர்களுடையதாகிறது. ஆடி வருகிறது. பலா தழைக்கிறது. மலையில் விறகும் ஈரம். அந்தப் புகைக்கு ஊர்ப்புகையே தேவலை என்று அவள் —

மேலே எழுதக் கை வரவில்லை.

(இ) அவள் சொல்கிறாள். அர்த்தநாரி பலாவை அண்ணாந்து பார்க்கிறார். "ரெண்டு ஏலச்செடி போனாப் போச்சாது புள்ள. தழைக்கத் தழைக்க நானே ஏறிக் கழிச்சு உடறேன்" என்கிறார்.

எனக்கு இதுதான் பிடித்திருந்தது. ஒரு சாயங்காலம் முழுக்க அந்த முடிவுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் மஞ்சளாக இருந்தது. பலாமரத்தில் ஒரு மனிதர் அரிவாளோடு இருந்தார். கீழே ஒரு பெண் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

குளித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எங்கூட்டுக்காரரு அப்படிச் சொல்லுவாருங்களா?"

"நான் எழுதினால் சொல்வார், அம்மா."

"சரிங்க. நீங்க எழுதி முடிச்சுப்போட்டுப் போயிருவீங்க. அப்புறமேலுக்கு?"

அண்டாவில் வெந்நீர் தானாக முளைக்கிறது என்று நினைத்தே இத்தனை வருஷம் குளித்த மனிதர் அவர். (இ)யையும் அடித்துவிட்டேன். அடித்த கோட்டுக்குக் கீழே இன்னும் படிக்க முடிகிறது.

7

முற்றத்துக்கு வந்துவிட்டாள். வெற்றிலைத் தட்டோடு அர்த்தநாரி நிற்கிறார். பக்கத்தில் வீரபாண்டி. கதவோரம் சுருளியம்மாள், சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு.

"ஏம்புள்ள, தண்ணி எப்படி?" என்று கேட்கிறார் அர்த்தநாரி.

கூரை, கண்ணாடி, மூட்டு, மரம் எல்லாம் பார்த்தாயிற்று. கட்டுரைக்கு அதுவே போதும். பாக்கி இருப்பது, அந்த மரத்தில் ஏறக்கூடியவரா இவர் என்பது ஒன்றுதான். அதற்காகத்தான் மயிலாத்தாள் இப்போது கணவரின் முகத்தைப் பார்க்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு நேரம் அவள் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

நான் நிற்கிற இடத்திலிருந்து அவர் முதுகுதான் தெரிகிறது. உங்களுக்கு முகம் தெரியும். அவள் கை இன்னும் சுடுகிறது, ஆறுவதற்குள், ஏறுவாரா என்று பார்த்துச் சொல்லுங்கள்.