நேர்ந்துவிட்ட பாஷா

மயக்கம் தெளிந்ததும் நஸ்மியே கேட்ட முதல் கேள்வி, "போயிடுச்சா?" என்பதுதான். மூளை ரத்தக்குழாயில் புடைத்திருந்த கொப்புளத்தைத்தான் கேட்டாள்.

"இல்லம்மா," என்றாள் டாக்டர் ஃபெரிதே. "குழாய்க்குள்ள ஒரு வலை வச்சிருக்கேன். இனி ரத்தம் நேரா ஓடிடும், கொப்புளத்துக்குள்ள திரும்பாது. அது தானா வத்தி மூடணும். மாசக்கணக்குல ஆகும்."

நஸ்மியேவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கொப்புளம் மூடினால் ஒரு கிடா அறுத்து ஏழைகளுக்குக் கொடுப்பதாக அல்லாவிடம் நேர்ந்திருந்தாள். சிகிச்சை முடிந்தால் வியாதியும் முடிந்தது என்று நம்பி, அவள் கணவன் ரிஃபத் காலையிலேயே கிடாவை வாங்கி வந்து வீட்டுப் பின்பக்கம் கட்டிவிட்டான்.

"இப்பவே அறுத்துடலாமாங்க?" என்று ரிஃபத்தைக் கேட்டாள்.

"மூடினாத்தானே தரேன்னு சொன்னே? பேச்சுன்னா பேச்சா இருக்கணும்."

இப்படித்தான் கிடா அங்காரா நகரத்து வீட்டில் குடியேறியது. அதற்குப் பெயர் வைத்ததுதான் பெரிய தப்பு. பாஷா என்று கூப்பிட ஆரம்பித்ததும் மரியாதையும் கூடவே வந்துவிட்டது. தர்பூசணித் தோல், காய்ந்த ரொட்டி எல்லாம் அதற்கே. ரத்தம் உறையாமலிருக்க அவள் மாத்திரை போடும் நேரம் பார்த்து வந்து முழங்காலை முட்டும். ரிஃபத்தின் ரோஜாச்செடிகளை மொட்டையடித்தது. "நீ சீக்கிரம் குணமாகுடி, இவனை ஒரு வழி பண்ணிடலாம்," என்று அவன் பல்லைக் கடிப்பான். நஸ்மியேயோ உள்ளுக்குள் தவித்தாள். கொப்புளம் வெடித்தால் அவள் போவாள்; மூடினால் பாஷா போவான். இரண்டுக்கும் பயமாக இருந்தது.

மறுபடி படமெடுத்த அன்று டாக்டருக்கு வாயெல்லாம் பல். "சுத்தமா மூடிடுச்சும்மா!"

"நல்லாப் பாருங்க டாக்டர். ஓரத்துல கொஞ்சம்கூட மிச்சமில்லையா?"

"இல்லவே இல்ல."

நஸ்மியே தேம்பித் தேம்பி அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து டாக்டரும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில், "கசாப்புக்காரருக்குச் சொல்லிடுங்க," என்றாள். ரிஃபத் தீவனக் கடை முன் காரை நிறுத்தினான். வாற்கோதுமை மூட்டை ஒன்றை மூச்சிரைக்கச் சுமந்து வந்து பின் இருக்கையில் தள்ளினான்.

"நாளைக்குப் போறவனுக்கு எதுக்குங்க இவ்வளவு?"

அவன் அவளைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினான்.

"ஒரு கிடான்னுதானே நேர்ந்துக்கிட்டே? பாஷான்னு பேர் சொன்னியா?"

நஸ்மியே யோசித்துப் பார்த்தாள். பின்னால் மூட்டை, தடித்த மாமனார் மாதிரி, திருப்பத்துக்குத் திருப்பம் சாய்ந்து சாய்ந்து வந்தது. குளிர்காலம் முழுக்கத் தாங்கும் போலிருந்தது.