தொண்ணூற்றிரண்டு பாகை சுவிச்

சிற்றம்பலம் கார் திருத்துகிற கராச் மேசையில் இரண்டு சுவிச்சுகள் கிடந்தன. இரண்டும் பித்தளை, இரண்டும் என் பெருவிரல் அளவு. ஒன்றின் தலையில் 82 என்று பொறித்திருந்தது, மற்றதில் 92.

"எதைப் பூட்டுறது எண்டு நீங்களே சொல்லுங்கோ அக்கா," என்றான் சிற்றம்பலம்.

காரை ஓட்டுகிறவர் என் மனிசன் ஏரம்பு. அவர் பக்கத்தில் நிற்க, கேள்வி என்னிடம் வந்தது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று அவருக்குப் பயம். கலியாணம் கட்டின நாள் தொட்டு எங்கள் வீட்டுக்கும் சேர்த்து நான்தான் கதைக்கிறேன்.

அது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஆவணி மாதம். எங்களிடம் இருந்தது ஹயருக்கு, வாடகைக்கு, ஓடுகிற ஒரு பழைய ஜப்பான் கார். றேடியேற்றர் தண்ணீர் சூடேறினால் பான், அதுதான் முன்னாலிருக்கிற காற்றாடி, தானாகச் சுற்ற வேண்டும், குளிர்ந்தால் தானாக நிற்க வேண்டும். அதைச் சுற்றவைக்கிற சுவிச் செத்துப்போயிற்று. இரண்டு மைல் கட்டை ஓடினால் தண்ணீர் கொதித்து மூடியால் சீறும்.

"சுவிச்சே வேண்டாம், பானை நேரே பற்றறியிலை கட்டிவிடுமன். எந்த நேரமும் சுத்தட்டும்," என்றேன்.

"எந்த நேரமும் சுத்தினால் எஞ்சின் சூடேறாது அக்கா. சூடேறாட்டி மண்ணெண்ணெய் எரியாது. இழுத்து இழுத்து நிண்டுபோம்."

சண்டையும் பொருளாதாரத் தடையுமாய்க் கிடந்த வன்னியில் அப்போது எந்தக் கார் பெற்றோலில் ஓடியது? ஸ்ராட் பண்ண மட்டும் சின்னப் போத்தலிலிருந்து சில துளி பெற்றோல், மிச்சத் தூரம் முழுக்க மண்ணெண்ணெய். அதற்கு எஞ்சின் நல்ல சூட்டில் இருக்க வேண்டும், ஆனால் கொதிக்கவும் கூடாது. 82 புதுசு, வவுனியாவிலிருந்து யாரோ அரிசிக்குள் ஒளித்துக் கொண்டுவந்தது. ஆனால் அது பானை முந்திப் போட்டுவிடும், மண்ணெண்ணெய்க்குச் சூடு காணாது என்றான். 92தான் சரியான அளவாம்.

"அப்ப தொண்ணூற்றிரண்டைத் தாருமன். ஏன் நிண்டு மென்று விழுங்கிறீர்?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "அது தர்சன் தம்பியின்ரை காரிலை கழட்டினது."

தர்சன் என் மருமகன், மகள் கிருசாந்தியின் புருசன். அவனும் ஹயர்தான் ஓடினான். மாசி மாதம் மாங்குளம் வீதியில் பொம்மர் விமானம் அடித்தபோது அவன் காருக்குப் பின்னால் குண்டு விழுந்தது. பிடரியில் ஒரு குண்டுச் சன்னம். காரின் முன்பக்கத்தில் கீறல்கூட இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள்: எஞ்சின் நின்றுவிட்டது, அவனும் முடிந்துவிட்டான், பான் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்ததாம்.

பகிடிக்காரப் பெடியன். "மாமியின்ரை வாய்க்கும் ஒரு பான் பூட்டவேணும், எந்த நேரமும் கொதிக்குது," என்று என் முகத்துக்கு நேரே சொல்வான். "முதல் உங்கடை வாய்க்குப் பூட்டுங்கோ தம்பி," என்று நானும் விடமாட்டேன். பெற்ற பிள்ளை மாதிரித்தான் அவனை வைத்திருந்தேன். அவனை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

ஆனால் செத்தவனில் பாசம் வைப்பது வேறு, அவன் சாமானைக் காரில் பூட்டுவது வேறு. கிருசாந்திக்கு நிறைமாதம். துர்மரணமாய்ப் போனவனின் ஆவி வருசம் திரும்பி ஆட்டத்திவசம் முடியுமட்டும் அடங்காது. ஆசை வைத்த பெண்சாதியைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகத்தான் பார்க்கும். இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, ஊர் உலகம் சொல்வது. அவளும் அவனும் ஒட்டென்றால் அப்படி ஓர் ஒட்டு. அவளையும் வயிற்றுப் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போகிற காரில் அவனுடைய சுவிச்சா?

"எண்பத்திரண்டைப் பூட்டும்," என்றேன்.

"அது சரிவராது ஈஸ்வரி," என்று என் மனிசன் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"நீங்கள் சும்மா இருங்கோ. பெத்தவள் நான்."

எண்பத்திரண்டைப் பூட்டினார்கள். நான் காரின் முன்னால் வேப்பிலைக் கொத்து ஒன்றும் கட்டிவிட்டேன்.

அடுத்த கிழமை ஒருநாள் விடியக் கிருசாந்திக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரிக்குப் பதினொரு கட்டை, பாதிக்கு மேல் காட்டுவழி. பின்சீற்றில் அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

ஊர் எல்லை தாண்டவே கார் இருமத் தொடங்கிற்று. பான் வெள்ளெனவே, சூடேற முந்தியே சுற்றி எஞ்சினைக் குளிரப்பண்ண, மண்ணெண்ணெய் எரியாமல் கறுப்புப் புகையாய்த் தள்ளியது. நின்றது. அவர் இறங்கிக் காபுரேற்றருக்குள் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணினார். கொஞ்சத் தூரம் போனது, மறுபடியும் நின்றது. காட்டு நடுவில் ஒரேயடியாக நின்றபோது போத்தலின் அடியில் ஒரு மடக்குக்கும் குறைவாகத்தான் பெற்றோல் இருந்தது. கிருசாந்தி சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். பன்னீர்க்குடம் உடைந்து சீற் முழுக்க நனைந்துவிட்டது.

என் மனிசன் சுரை கழற்றுகிற சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். சேட் பொக்கற்றிலிருந்து எதையோ எடுத்தார். நான் எட்டிப் பார்த்தேன். பித்தளை. தலையில் 92.

"எட கள்ள மனிசா! எனக்குத் தெரியாமல் வேண்டி வைச்சிருக்கிறியள்! அறுந்துபோவாரே, பிள்ளையைக் கொல்லப்போறியளே?"

"பேசுறதை ஆஸ்பத்திரியிலை வைச்சுப் பேசு," என்றார் அவர். அந்த மனிசன் என்னோடு அப்படிக் கதைத்ததே இல்லை. "இப்ப பூட்டவோ, வேண்டாமோ?"

மகளைப் பார்த்தேன். அவளுடைய உதடு வெளிறிப்போயிருந்தது. பெற்ற வயிறு ஆபத்துக்கு எந்தப் பேயைத்தான் கூப்பிடாது?

"பூட்டுங்கோ," என்றேன்.

எண்பத்திரண்டைக் கழற்ற றேடியேற்றர் தண்ணீர் எல்லாம் மண்ணில் ஊற்றுண்டது. தர்சனுடையதை முறுக்கிப் பூட்டி, குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றி நிரப்பினார். கடைசிப் பெற்றோலையும் விட்டார். ஒரே அடியில் ஸ்ராட் ஆனது. பிறகு நிற்கவேயில்லை. எஞ்சின் நன்றாகச் சூடேறி, இருமல் நின்று, ஒரே சீராக ஓடியது. முதல்முறை பான் சுற்றத் தொடங்கின சத்தம் கேட்டபோது எனக்கு உள்ளங்கால் குளிர்ந்தது.

கிருசாந்தி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "இஞ்சேருங்கோ, மெல்லமா ஓடுங்கோ. குலுக்குது."

தகப்பனை அவள் அப்பா என்றுதான் கூப்பிடுவாள். இஞ்சேருங்கோ என்று ஒரு பெண் கூப்பிடுவது புருசனை மட்டும்தான். கண்ணாடியில் என் மனிசனின் கண் தெரிந்தது. அவர் வேகத்தைக் குறைத்தார். அந்தச் சுவிச் யாருடையது என்று அவளுக்கு நாங்கள் மூச்சும் விட்டிருக்கவில்லை. அவருக்குப் பக்கத்து முன்சீற் வெறுமையாகத்தான் இருந்தது. அதைப் பார்க்கப் பயந்து நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன், முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு.

ஆஸ்பத்திரி ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் இயங்கியது. ஒரு வகுப்பறை வாசலுக்குத் துணித்திரை கட்டிப் பிள்ளைப்பேற்று அறை ஆக்கியிருந்தார்கள். மரியமலர் என்ற நேர்ஸ், முல்லைத்தீவுக் கடற்கரையாள், கிருசாந்தியை உள்ளே கொண்டுபோனாள். என்னை வெளியே நிற்கச் சொன்னாள்.

முற்றத்தில் காரை நிற்பாட்டி, எஞ்சின் திறப்பையும் உருவி எடுத்தாயிற்று. பான் சுற்றிக்கொண்டிருந்தது.

"அது அப்பிடித்தான். பான் நேரே பற்றறியிலை. தண்ணி ஆறினவுடனை நிண்டிடும்," என்றார் என் மனிசன்.

நிற்கவில்லை. உச்சிவெயில் வந்தது. உள்ளே மகள் கத்தினாள், வெளியே பான் சுற்றியது. அவர் போய் றேடியேற்றரில் கையை வைத்துப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவருடைய முகம் சரியில்லை.

"பச்சைத் தண்ணியாட்டம் கிடக்கு. சுத்த ஒரு நியாயமும் இல்லை. வயரைக் கழட்டிவிடப்போறன், பற்றறி செத்திடும்."

பற்றறி செத்தால் வன்னியில் இன்னொன்று கிடைக்காது, கார் ஓடாவிட்டால் எங்களுக்கு உலை கொதிக்காது. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தொடாதையுங்கோ. சுத்துமட்டும் அவன் காருக்குள்ளைதான் இருக்கிறான். சுத்தட்டும்."

அவர் எனக்குப் பைத்தியம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் குந்திக்கொண்டு அவரும் காரையே பார்த்தார்.

வெயில் சாயத் தொடங்கிய நேரம் பான் நின்றது. படிப்படியாகக் குறைந்து நிற்கவில்லை, சடக்கென்று நின்றது. உள்ளேயும் மகளின் சத்தம் நின்றுவிட்டது. அந்த அமைதியில் எனக்குச் சீவன் போய் வந்தது. இறங்கிவிட்டான், உள்ளே வரப்போகிறான் என்று நினைத்தேன்.

ஓடிப்போய் வாசலுக்குக் குறுக்கே நின்று, இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, வேண்டாம். சொல்லிப்போட்டன், வேண்டாம்," என்றேன். என் முன்னால் யாரும் இல்லை. வாசற்படியில் வெயில் மட்டும் கிடந்தது. "நீங்கள்தான் அவளை இவ்வளவு தூரம் பத்திரமாக் கொண்டுவந்தியள், ஓம், நான் ஒத்துக்கொள்ளுறன். உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடுவன். ஆனால் உள்ளுக்கு வராதையுங்கோ. உங்களுக்கு அங்கை தனியாத்தான் இருக்கும். எனக்கு விளங்குது. எண்டாலும் தரமாட்டன். கேட்குதே? ஆள் வேணுமெண்டால் இந்தக் கிழட்டுக் கட்டை நிக்குது, இதைக் கொண்டுபோங்கோ. அவளைத் தரமாட்டன்!"

என் மனிசன் தூரத்தில் நின்று அழுதார். வழியால் போன ஒருவர் என்னைப் பார்த்து ஒதுங்கிப் போனார். வெட்கம் மானம் ஒன்றும் எனக்கு இருக்கவில்லை. நிலையைப் பிடித்த கை நோகத் தொடங்கியது, விடவில்லை. முதுகுப்பக்கம் திரைக்குள் யாரோ அவசரமாக நடந்தார்கள், ஏதோ விழுந்து உருண்டது.

பிறகு பிள்ளை அழுதது.

மரியமலர் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். "ஆரோடை அம்மா கதைக்கிறியள்?" என்றாள். என் பார்வை போன பக்கத்தைத் தானும் பார்த்தாள். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு, துணியில் சுற்றிய பிள்ளையை என் கையில் தந்தாள். "பெட்டைப்பிள்ளை. தாய்க்கும் பயமில்லை. இனிக் கொஞ்சம் ஆறுதலா இருங்கோ."

பிள்ளையை வாங்கினேன். வாசலை விட்டு அசையவில்லை, முதுகால் திரையை மறைத்துக்கொண்டே நின்றேன். பிள்ளைக்குத் தர்சனின் நெற்றி, அச்சொட்டாக. அதைப் பார்த்ததும் எனக்கு அடிவயிற்றிலிருந்து அழுகை வந்தது. இவ்வளவு நேரமும் அவன் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தான் என்று நினைத்து வழியை மறித்திருக்கிறேன். எந்தத் தகப்பனும் ஆஸ்பத்திரி வாசலில் எதற்கு வந்து நிற்பான் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

பயம் போய்விடவில்லை. ஆனாலும் ஓர் அடி பக்கத்தில் விலகி, பிள்ளையின் முகத்து மேல் கிடந்த துணியை ஒதுக்கிப் பிடித்தேன்.

"வாங்கோ தம்பி. வந்து ஒருக்காப் பாத்திட்டுப் போங்கோ," என்றேன். "அவள் களைச்சுப்போய் நித்திரை. எழுப்பிப்போடாதையுங்கோ."